வண்ணப் பெயரும் வண்ணப் பொருளும்

பழந்தமிழ் நூல்களில் ஓவியத்தைச் சுட்டும் இடங்கள் பலவாம். அவ்விடங்களுக்கு உரை காணுங்கால் நம்மில் பலர் ஒரு பழக்கத்தை மேற்கொண்டுள்ளோம். சாதிலிங்கம் என வரின் 'ஒருவகைச் சிவப்பு' என்றும், அரிதாரம் என வரின் 'ஒருவகை மஞ்சள்' என்றும், நீலம் என வரின் 'நீல நிறம்' என்றும் எழுதி மேற்செல்கின்றோம். நிறத்தைச் சொல்லிவிட்டால் பொருள் விளங்கிவிட்டது என்னும் எண்ணமே இதற்குக் காரணம். ஆயின், ஓவியனுக்கு நிறம் என்பது கண்ணுக்குத் தோன்றும் பண்பு மட்டும் அன்று. கல்லாகவோ மண்ணாகவோ மரப்பாலாகவோ பூச்சியின் கசிவாகவோ கையில் எடுத்து அரைக்கத்தக்க பொருளும் ஆகும். அப்பொருளை அறியாது பெயரை மட்டும் அறிந்தவர் இரண்டு தவறுகளுள் ஒன்றில் வீழ்தல் எளிது. நூலில் கண்ட வண்ணமெல்லாம் கோயிற் சுவரிலும் இருந்தது எனக் கொள்வது ஒன்று. சுவரில் காணப்படாத வண்ணத்தை நூலோர் கற்பனை எனத் தள்ளுவது மற்றொன்று. இவ்விரண்டும் ஏன் பொருந்தா என்பதை ஈண்டு விளக்க முற்படுகின்றோம்.

நூற்சான்றுகள் எம்மட்டில் உதவும் என்பதை முதற்கண் நோக்குவோம். பரிபாடலின் பத்தொன்பதாம் பாடல், திருப்பரங்குன்றத்தில் ஓவியங்கள் எழுதப்பெற்றிருந்த மண்டபத்தையும், வந்தோர் அவற்றை ஒருவர்க்கொருவர் காட்டி மகிழ்ந்ததையும் கூறுகிறது. காமனும் இரதியும், அகலிகையும் பூனை வடிவிற் சென்ற இந்திரனும் அங்கு எழுதப்பெற்றிருந்தனர். மணிமேகலை, புகார் நகரத்து மாடங்களின் வெண்சுதைச் சுவரில் இருந்த ஓவியங்களைக் கண்டு நின்ற மக்களைக் காட்டுகிறது. மகேந்திரவர்மன் 'சித்திரகாரப்புலி' என்னும் பட்டம் பூண்டிருந்தான். இவையெல்லாம் கலை செழித்திருந்தமைக்குச் சான்றாம். ஆனால், எப்பொருளை எதனோடு குழைத்து எழுதினர் என்பதை இவை கூறவில்லை. கூற வேண்டிய இடமும் இவை அல்ல.

கூறியிருக்கத்தக்க நூல் ஒன்று இருந்தது. சிலப்பதிகாரத்துக்கு உரை வகுத்த அடியார்க்குநல்லார் ஓவிய நூல் ஒன்றைச் சுட்டுகிறார். அவர் அதிலிருந்து எடுத்துக்கொண்டது உருவங்களின் இருக்கை வகை பற்றிய செய்தியேயாம். மணிமேகலையும் ஓவியத்துக்கென நூல் இருந்ததைக் குறிக்கிறது. அந்நூல் இன்று கிடைக்கவில்லை. ஆகவே, வண்ணப் பொருளின் தமிழ்ப்பெயர்களை நாம் காண்பது பெரும்பாலும் சித்த மருத்துவ நூல்களிலும் நிகண்டுகளிலும் உரைகளிலுமே. மருத்துவனும் ஓவியனும் ஒரே கடையில் சரக்கு வாங்கியவர்கள் என்று சொல்லுதல் மிகையாகாது. சாதிலிங்கம், மனோசிலை, அரிதாரம், காவிக்கல், துருசு என்னும் சரக்குகள் மருந்துக்கும் ஆயின, எழுதுவதற்கும் ஆயின.

இனிச் சுவர்களைக் காண்போம். புதுக்கோட்டை அருகிலுள்ள சித்தன்னவாசலின் குடைவரையில், தாமரைக் குளமும் அதனுள் மலர் கொய்வோரும் யானையும் எருமையும் மீனும் விதானத்தில் எழுதப்பெற்றுள்ளன. அக்கோயிலை மதுரையாசிரியன் இளங்கௌதமன் கி.பி. 9-ஆம் நூற்றாண்டில் புதுப்பித்த செய்தியை ஆங்குள்ள கல்வெட்டுத் தெரிவிக்கிறது. தஞ்சைப் பெரிய கோயிலில் கருவறையைச் சூழ்ந்த திருச்சுற்றில், நாயக்கர் கால ஓவியப் படலத்தின் அடியில் சோழர் கால ஓவியம் மறைந்திருந்ததை 1931-இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த எஸ். கே. கோவிந்தசாமி கண்டறிந்தார். இவ்விரண்டு இடத்துச் சுவர்ப்பூச்சையும் வண்ணங்களையும் வேதியியல் முறையில் முதன்முதலாக ஆராய்ந்தவர் சென்னை அருங்காட்சியகத்து வேதியியலாளர் எஸ். பரமசிவன். 1930-களில் அவர் வெளியிட்ட முடிவுகள் இன்றும் இத்துறையின் அடிப்படையாக உள்ளன. வெண்மைக்குச் சுண்ணாம்பு, கருமைக்குக் கரி, மஞ்சளுக்கு மஞ்சட் காவி, சிவப்புக்குச் செங்காவி, பச்சைக்குப் பச்சை மண், நீலத்துக்கு இராசவருத்தம் எனப்படும் நீலக்கல் என்பனவே அவர் கண்ட பொருள்கள்.

இப்பட்டியலை வடமொழி விஷ்ணுதர்மோத்தர புராணத்தின் சித்திரசூத்திரப் பகுதி தரும் பட்டியலோடு ஒப்பிடுக. பொன், வெள்ளி, செம்பு, அப்பிரகம், இராசவருத்தம், சிந்தூரம், வெள்ளீயம், அரிதாரம், சுதை, அரக்கு, இங்குலிகம், அவுரி நீலம் என்பன அந்நூல் எண்ணும் வண்ணப் பொருள்கள். இரண்டிலும் பொதுவாக நிற்பன சுதையும் நீலக்கல்லும் மட்டுமே. நூல் கூறும் அரக்கும் இங்குலிகமும் அரிதாரமும் சிந்தூரமும் அவுரியும் எங்கே சென்றன? வடநூல் வேறு, தென்னாட்டு வழக்கு வேறு எனக் கூறி அமைதல் எளிது. யாம் அவ்விடை போதும் எனக் கருதவில்லை. சுவரே விடையைத் தன்னுள் வைத்திருக்கிறது.

சுண்ணாம்புக்கல்லையோ கிளிஞ்சலையோ காளவாயில் இட்டு ஏறத்தாழ 900 பாகை வெப்பத்தில் சுடும்போது அதிலுள்ள கரியமில வாயு நீங்குகிறது. எஞ்சியதில் நீர் தெளித்தால் கொதித்துப் பூத்து நீற்றுச் சுண்ணாம்பாகிறது. இதனை மணலோடு குழைத்துச் சுவரில் பூசி, மேலே நேரிய சாந்து ஒன்று இட்டு, ஈரம் உலருமுன் நீரில் கரைத்த வண்ணத்தைத் தீட்டுவர். உலரும்போது சுண்ணாம்பு காற்றிலுள்ள கரியமில வாயுவை மீட்டும் ஏற்றுக் கல்லாகிறது; வண்ணத் துகள் அக்கல்லின் மேற்படலத்தில் சிறைப்படுகிறது. பசை வேண்டுவதில்லை. சுவரே பசை. காளவாயில் இழந்ததைச் சுவரில் மீட்டுக்கொள்ளும் இந்நிகழ்ச்சியே ஈரச்சுவர் ஓவியத்தின் உயிர்நிலை.

ஆனால், நீற்றுச் சுண்ணாம்பு கடுங்காரம் உடையது. கை வைத்தாரின் தோலை அரிப்பது போல அது வண்ணத்தையும் தாக்கும். அரக்கின் சிவப்பும் இலைச்சாறும் பூச்சாறும் அதன்முன் நில்லா. ஈய வண்ணமும் செம்பு வண்ணமும் ஈரச்சுவரில் நம்பத்தக்கன அல்ல. காவி, பச்சை மண், கரி, நீலக்கல் ஆகியன மட்டும் காரத்துக்கு அஞ்சாதவை. ஆதலின், சித்தன்னவாசலிலும் தஞ்சையிலும் காணும் குறுகிய பட்டியல் ஓவியனின் வறுமையைக் காட்டுவதன்று. சுண்ணாம்பு நடத்திய தேர்வில் வென்றவற்றைக் காட்டுவது. எத்தனையோ வண்ணங்களை அறிந்த ஒருவனும் ஈரச்சுவர் முன் நிற்கும்போது இச்சிலவற்றையே கையில் எடுப்பான்.

தஞ்சை ஓவியம் முழுவதும் ஈரச்சுவர் முறையினது என்பது பரமசிவனின் முடிபு. பின்வந்த ஆய்வாளர் அனைவரும் இதற்கு உடன்படவில்லை. உலர்ந்த சுவரில் பசை கலந்து தீட்டிய பகுதியும் உண்டு என்பார் உளர். இவ்வழக்கின் தீர்ப்பு எதுவாயினும் எம் கருத்துக்கு ஊறு இல்லை. உலர் சுவரிலும் அடியில் இருப்பது சுண்ணாம்பே. அது முழுதும் கல்லாகும் வரை காரம் தங்கும்.

காவியைப் பற்றி ஒரு சொல். மஞ்சட் காவியும் செங்காவியும் வேறுவேறு மண் எனப் பலர் கருதுகின்றனர். இரண்டும் இரும்பின் துரு கலந்த மண்ணே. மஞ்சளில் இரும்போடு நீர் கூடியுள்ளது. ஏறத்தாழ 300 பாகை வரை சூடேற்றினால் அந்நீர் நீங்கி மஞ்சள் சிவப்பாகும். அடுப்பு ஒன்றிருந்தால் ஒரே மண்ணிலிருந்து மஞ்சள் முதல் செம்மை வரை பல படிகளை ஓவியன் பெறலாம். சித்தன்னவாசலின் கூத்தியர் மேனியில் மஞ்சளும் செம்மையும் ஒன்றோடொன்று இழைந்து தோன்றுவதற்கு இவ்வுறவும் துணையாகும் போலும்.

இனிச் சுவரை விட்டு மரத்துக்கு வருவோம். நெடுநல்வாடையில் அரண்மனை வாயிலின் கதவு, இரும்பால் பிணிக்கப்பெற்றுச் செவ்வரக்குப் பூசப்பெற்றதாகக் கூறப்படுகிறது. செவ்வரக்கு என்பதற்குச் சாதிலிங்கம் எனப் பொருள் எழுதுவாரும் உளர். அரக்கு என்றே கொண்டு அமைவாரும் உளர். இருவருள் யார் கூறுவது பொருந்தும்? இக்கேள்விக்குச் சொல்லாராய்ச்சி மட்டும் விடை தாராது. இரண்டு பொருளையும் கையில் எடுத்துப் பார்த்தல் வேண்டும்.

அரக்கு என்பது இலந்தை, புரசு முதலிய மரங்களின் கொம்பில் மொய்க்கும் நுண்ணிய பூச்சியின் கசிவு. கொம்போடு ஒடித்தெடுத்ததைக் கொம்பரக்கு என்பர். அதனுள் இரண்டு பொருள் உண்டு. நீரில் கரையும் செஞ்சாயம் ஒன்று. நீரில் கரையாது சூட்டில் உருகும் பிசின் மற்றொன்று. கொம்பரக்கை இடித்து நீரில் அலசினால் சாயம் நீரோடு சென்றுவிடும். எஞ்சும் பிசின் பழுப்பாக நிற்கும். மரத்தில் இழைத்தால் ஈரமும் பூச்சியும் புகாமல் காப்பது இப்பிசினே. கடைசல் வேலைக்காரர் பொம்மைகளுக்கும் தொட்டிற் கால்களுக்கும் ஏற்றுவதும் இதுவே.

சாதிலிங்கமோ இதற்கு முற்றிலும் வேறானது. பாதரசமும் கந்தகமும் கூடிய கல். இங்குலிகம் என்பதும் அதுவே. சுரங்கத்தில் கிடைப்பதோடு, இரசத்தையும் கந்தகத்தையும் சேர்த்துச் சூடேற்றியும் செய்துகொள்ளலாம். அது வண்ணமே அன்றிப் பசை அன்று. வெறும் சாதிலிங்கத் தூளைக் கதவில் பூசினால் கை பட்டதும் உதிரும். அதனைப் பற்றி நிறுத்த ஒரு பிசின் வேண்டும். அப்பிசின் அரக்காகலாம். ஆகவே, அரக்கு எனக் கொண்டவர் பற்றும் பொருளைக் கூறினர்; சாதிலிங்கம் எனக் கொண்டவர் பற்றப்படும் நிறத்தைக் கூறினர். சாதிலிங்கம் கலந்த அரக்கே செவ்வரக்கு எனக் கொள்வார்க்கு இரண்டு உரைகளும் முரணாகா. அக்கதவு நமக்கு எஞ்சவில்லை ஆதலின் இதனை முடிந்த முடிபாக யாம் கூறவில்லை. ஒன்றைத் தள்ளியே மற்றொன்றைக் கொள்ளவேண்டும் என்னும் கட்டாயம் இல்லை என்பதே எம் கருத்து.

சாதிலிங்கம் கோயிற் சுவரை விட்டு மரத்தையும் பலகையையும் நாடியதற்குச் சுண்ணாம்பினும் வலிய காரணம் ஒன்று உண்டு. அது வெயிலைப் பொறாது. ஒளி பட்ட இடத்தில் நாளடைவில் கறுத்துவிடும். உரோம நாட்டுக் கட்டடக்கலை ஆசிரியர் விட்ருவியசு கி.மு. முதல் நூற்றாண்டில் இதனை ஒரு நிகழ்ச்சியால் விளக்குகிறார். பேபரியசு என்னும் எழுத்தர் தம் மாளிகையின் திறந்த முற்றத்துச் சுவர்களுக்குச் சாதிலிங்கம் பூசுவித்தார். முப்பது நாளில் அவை திட்டுத்திட்டாக நிறங்கெட்டன. மீண்டும் வேறு வண்ணம் பூச நேர்ந்தது. காப்பு முறையாக அந்நூலார் கூறுவது சுவர்மீது எண்ணெய் கலந்த மெழுகைச் சூடேற்றித் தேய்ப்பதாகும். மெழுகு செய்யும் அப்பணியை அரக்கும் செய்யக்கூடும் என்பதை நெடுநல்வாடைக் கதவோடு இயைத்து எண்ணுதல் தகும்.

அடுத்து, மனோசிலையும் அரிதாரமும். இரண்டும் பாடாணமும் கந்தகமும் கூடியவை. அளவு வேற்றுமையால் முன்னது செம்மஞ்சளாகவும் பின்னது பொன்மஞ்சளாகவும் உள்ளன. மேனாட்டார் அரிதாரத்துக்கு இட்ட பெயரும் 'பொன்வண்ணம்' எனப் பொருள்படும் இலத்தீன் சொல்லே. இவற்றுள் மனோசிலைக்கு ஒரு விந்தையான குணம் உண்டு. ஒளியில் நெடுநாள் கிடந்தால் அது மஞ்சள் தூளாக மாறிவிடும். இன்று பழைய ஏட்டுச் சட்டத்திலோ பலகையிலோ மஞ்சளாகத் தோன்றும் ஓரிடம், எழுதியவன் கண்ணுக்குச் செம்மையாக இருந்திருக்கலாம். நிறத்தைப் பார்த்துப் பொருளைத் துணிதல் எவ்வளவு இடர்ப்பாடுடையது என்பதற்கு இதனினும் சிறந்த எடுத்துக்காட்டு இல்லை. அரிதாரமும் ஈய, செம்பு வண்ணங்களோடு அடுத்திருக்கப் பொருந்தாது. அதன் கந்தகம் அவற்றைக் கறுக்கச் செய்யும்.

அரிதாரம் என்னும் சொல்லின் பிற்கால வாழ்வு மொழிநூலார்க்குச் சுவை தருவது. கூத்தர் முகத்தில் எழுதிய மஞ்சளிலிருந்து அச்சொல் முகப்பூச்சு முழுமைக்கும் பெயராயிற்று. இன்று நாடக மேடையில் அரிதாரம் பூசுவோர் எவரும் அக்கல்லைத் தொடுவதில்லை. பொருள் மறைந்து பெயர் நிலைத்தது. கேரளத்துக் கதகளியிலோ மனயோலை என்னும் பெயரால் அம்மஞ்சட்கல் இன்றும் அரைக்கப்படுகிறது. சாதிலிங்கம் அங்கே சாயில்யம் என வழங்குகிறது.

சிந்தூரம் பற்றி விரித்தல் வேண்டா. ஓவிய நூல்களில் அது ஈயத்தைக் காற்றில் சுட்டு எடுத்த செந்தூள். சித்த மருத்துவத்தில் செந்தூரம் என்பது தனி ஒரு பொருளன்று; புடமிட்டுச் சிவந்த எதற்கும் பெயர்; அயச்செந்தூரம் இரும்பு. ஆகலின் மருத்துவ அகராதியைக் கொண்டு ஓவியச் சொல்லுக்குப் பொருள் காண்போர் இவ்விடத்தில் மிக எச்சரிக்கையாதல் வேண்டும். ஈயச் சிந்தூரமும் கறுக்கும் இயல்பினதே. சீனத்துத் துன்குவாங்கு குகைகளில் செம்மையாக எழுதிய முகங்கள் பல இன்று கருமையாக நிற்பதன் காரணம் அதுவே.

பெயரால் வரும் மயக்கம் மிகுதியாக உள்ளது நீலத்தில். தமிழில் நீலம் என்பது குவளை மலரும் ஆம், மணியும் ஆம், அவுரிச் சாயமும் ஆம், கருமையும் ஆம். ஓவியனிடத்தில் இரண்டு நீலம் உண்டு. அவ்விரண்டுக்கும் நிறம் அன்றிப் பிற எதுவும் பொதுவன்று.

ஒன்று அவுரி. இலையை நீரில் ஊறப்போட்டுப் புளிக்கவைத்து, அந்நீரைக் காற்றுப்பட அடித்துக் கலக்கினால், நிறமற்றிருந்த சாறு நீலமாகித் தெளிவில் படியும். வண்டலை வடித்துக் கட்டியாக உலர்த்துவர். நம் நாட்டு வயலில் விளைந்தது, விலை எளிது, துணிக்கு நிகரற்றது. ஆயின், சுவரில் பசையின்றி நில்லாது; ஈரச் சுண்ணாம்புக்கு ஏற்றதன்று. கேரளச் சுவரோவியர் உலர்ந்த சுவரில் எழுதியதால் அவர்களுக்கு அவுரி உதவிற்று. அவுரி நீலத்தோடு இரவிக்கறை என்னும் மஞ்சள் மரப்பாலைக் கலந்து அவர்கள் பச்சையை ஆக்கிக்கொண்டனர். குமரி மாவட்டத்துப் பத்மநாபபுரம் அரண்மனையில் அம்மரபின் ஓவியங்களைக் காணலாம். சித்தன்னவாசற் பச்சை மண். கேரளப் பச்சை இலையும் மரப்பாலும். இரண்டையும் 'பச்சை' என்னும் ஒரே சொல்லால் எழுதிச் செல்லும் நூல்களை யாம் மிகுதியாகக் கண்டிருக்கிறோம்.

மற்றொன்று இராசவருத்தம். அது ஆப்கானிசுத்தானத்தின் வடகிழக்கில், படக்சான் பகுதியில், கொக்சா ஆற்றுப் பள்ளத்தாக்கின் மலைகளில் வெட்டி எடுக்கப்படுவது. அச்சுரங்கங்கள் ஆறாயிரம் ஆண்டுக்கு மேற்பட்ட பழமையுடையன. கல்லை வாளா இடித்து அரைத்தால் அதிலுள்ள வெண்சுண்ணக்கல்லும் கலந்து சாம்பல் படர்ந்த நீலமே கிடைக்கும். மிக நுண்ணிதாக அரைத்தால் நிறம் மேலும் வெளிறும். எந்த அளவில் அரைப்பை நிறுத்துவது என்பதே அறிவு. இத்தாலிய ஓவியர், தூளை மெழுகும் பிசினும் கலந்த மாவில் பிசைந்து கார நீரில் கசக்கி நீலத்தை மட்டும் பிரித்தெடுத்தனர்; 1400-ஐ ஒட்டி வாழ்ந்த சென்னினி அம்முறையை விரிவாக எழுதி வைத்துள்ளார்.

பரமசிவனின் முடிபுப்படி சித்தன்னவாசலிலும் தஞ்சையிலும் காணும் நீலம் இக்கல்லே எனின், அது மலையும் பாலையும் கடந்து வந்த சரக்கு. அவுரி விளையும் நாட்டில் இருந்துகொண்டு அத்துணைத் தொலைவிலிருந்து நீலத்தை வருவித்தது ஏன்? பகட்டு என்பார் உளர். பகட்டும் இருந்திருக்கலாம். ஆனால், சுண்ணாம்பில் நிற்கும் நீலம் வேறு கைக்கு எட்டவில்லை என்பதே முதற் காரணமாதல் கூடும். வணிக வரலாற்றில் ஆர்வமுடைய மாணவர் இதனைப் பின்தொடர்ந்து செல்லத்தக்கது.

நீலக்கல்லைச் சான்றாகக் கொள்வோர் அறியவேண்டிய செய்தி மற்றொன்று உண்டு. 1824-இல் பிரெஞ்சு நாட்டில், இந்நீலத்தைச் செயற்கையாகச் செய்து தருவார்க்கு 6000 பிராங்கு பரிசு அறிவிக்கப்பட்டது. 1828-இல் கிமே என்பார் அப்பரிசைப் பெற்றார். அதே ஆண்டில் செருமானியப் பேராசிரியர் குமெலினும் தம் முறையை வெளியிட்டார். வெண்களிமண், சோடா, கந்தகம், கரி ஆகியவற்றைச் சூளையிலிட்டுச் செய்யப்படும் அந்நீலம் வேதியியல் அமைப்பில் கல்லின் நீலத்தோடு ஒத்ததே. சலவைக்கு இட்ட நீலப்பொடியும் அதுவே. ஆதலின், ஒரு சுவரில் 'இவ்வகை நீலம் உளது' என்னும் செய்தி மட்டும் அதன் பழமைக்குச் சான்றாகாது. கோயில் திருப்பணியில் பூசிய நீலமும் அவ்விடையையே தரும். நுண்ணோக்கியில் கண்டால் வேற்றுமை தெரியும். கல்லின் தூள் கூர்மையான முனைகளோடும் பல அளவினதாகவும் இருக்கும். வெண்சுண்ணத் துணுக்குகளும் பொன்போல மின்னும் கந்தக இரும்புத் துணுக்குகளும் இடையில் கிடக்கும். செயற்கைத் தூள் உருண்டு ஒரே அளவினதாக இருக்கும்.

சுவரில் காணப்படாத அரக்கும் அவுரியும் அங்கே இருந்ததே இல்லையா என்பது எஞ்சி நிற்கும் கேள்வி. இக்காலத்தில் சுவரைச் சுரண்டாமலே ஊடுகதிர் வீழ்த்தி அதிலுள்ள தனிமங்களை அறியும் கருவிகள் வந்துள்ளன. பாதரசம் தெரிந்தால் சாதிலிங்கம் என்றும், பாடாணம் தெரிந்தால் அரிதாரம் அல்லது மனோசிலை என்றும், இரும்பு தெரிந்தால் காவி என்றும் உய்த்துணர்கின்றனர். ஆனால், அரக்கின் சாயமும் அவுரியும் கரியும் நீரகமும் உயிரகமும் கூடிய பொருள்கள். அக்கருவிக்கு அவை புலப்படா. 'கண்டிலேம்' என அறிக்கை கூறினால் 'இல்லை' என நாம் படித்துவிடுகிறோம். இதற்கென ஒளிச்சிதறலை அளக்கும் முறைகளும், துகளை எடுத்துக் கரைத்துப் பிரித்தறியும் முறைகளும் தனியே உள்ளன. எம்முறையால் ஆராய்ந்தனர் என்பதை முதலில் நோக்கிய பின்னரே அவ்வறிக்கையை நூலோடு ஒப்பிடல் வேண்டும்.

உரை எழுதுவோரும் அகராதி தொகுப்போரும் வண்ணச் சொல் வருமிடத்து, அது பூசப்படும் இடம் சுதையா மரமா துணியா மேனியா என்பதைச் சேர்த்துக் குறித்தல் நலம். நீலம் சுதையில் வரின் கல் என்றும், துணியில் வரின் அவுரி என்றும் கொள்வதற்கு அக்குறிப்பு ஒன்றே பெரும்பாலும் போதுமானது. சித்த மருத்துவச் சுவடிகளில் சாதிலிங்கம், அரிதாரம் முதலியவற்றின் தூய்மை முறைகள் விரிவாக உள்ளன. அவற்றைத் தொகுத்து ஓவிய நோக்கில் ஆராய்ந்தால், அடியார்க்குநல்லார் கண்ட நூல் கிடைக்காத குறையில் ஒரு பகுதியேனும் நீங்கும். அரக்கையும் அவுரியையும் தேடுவோர் கருவறைச் சுவரை விட்டுத் தேர்ச்சிற்பத்தின் பழைய பூச்சையும், வாகனங்களின் அடிப்படலத்தையும், ஏட்டுச் சட்டங்களையும் முதலில் ஆராய்வாராக.